ஒரு ஜோடிப் பெற்றோருக்கு மட்டும்

ஏப்ரல் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் என் மாமியார் காதில் விழும். அதனால் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலையும் ஆபீஸ் விலாசத்துக்கே போடு.

விஷயம் இதுதான். எங்கள் கம்பெனியில் இந்த வருஷத்திலிருந்து மருத்துவ இன்சூரன்ஸில் பெற்றோரையும் சேர்க்கிறார்கள். ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கும் முதல் நாளிலிருந்தே செலவைக் கொடுத்துவிடுவார்கள். வெளியே பாலிசி எடுத்தால் உன் முழங்காலுக்கு மூன்று வருஷம் காத்திருக்கச் சொல்கிறார்கள். விசாரித்துவிட்டேன். ஆனால் கம்பெனியில் ஒரு ஜோடிக்குத்தான் இடம். என் அப்பா அம்மா, இல்லையென்றால் அவருடைய அப்பா அம்மா. ஒரு தடவை பெயரைக் கொடுத்துவிட்டால் இந்த வேலையில் இருக்கும்வரை மாற்ற முடியாது.

மாமாவுக்குப் போன வருஷம்தான் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். காலையிலிருந்து சாயங்காலம்வரை குழந்தையை அத்தைதான் பார்த்துக்கொள்கிறார். உன் மாப்பிள்ளையிடம் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். அவர் அப்படிச் சொன்னால் அது யாருடைய இஷ்டம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீ என்ன சொல்கிறாயோ அப்படியே செய்கிறேன் அம்மா. இதைக் கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

உன் அன்பு மகள்,
சின்னி

ஏப்ரல் 10

என் கண்ணு சின்னிக்கு,

உன் கடிதத்தைத் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே படித்தேன். பள்ளிச் சீருடைத் துணி மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. கிடக்கட்டும்.

உன் முதல் சம்பளத்தில் என்ன வேண்டும் என்று கேட்டபோது "எனக்கு எதுக்குடி" என்றேன். அதற்கப்புறம் நீ எதைக் கேட்டாலும் அதே பதில்தான். இன்றைக்கும் பேனாவை எடுத்ததும் அந்த வரிதான் முதலில் வந்தது. அடித்துவிட்டேன். மேலே கறுப்பாக அப்பியிருக்கிறதே, அதுதான்.

வேணும் சின்னி. எங்களைப் போடு. சம்பந்திக்கு இன்னொரு பிள்ளையும் இருக்கிறான், கை நிறையச் சம்பாதிக்கிறான். எங்களுக்கு நீ ஒருத்திதான். வலது கால் மெஷினை மிதிக்கவே மாட்டேன் என்கிறது. இடது காலால் ஒப்பேற்றுகிறேன். குளிக்கப் போனால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சுயநலக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

டாக்டரிடம் போய், "ஆபரேஷன் வெச்சுக்கறேன், என் பொண்ணு பாத்துக்குவா" என்று சொல்லிவிட்டேன். ஜூனில் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. கொத்தனாரைக் கூட்டிவந்து குளியலறைச் சுவரில் கைப்பிடி பதித்தாகிவிட்டது. அதுவும் கோணல்.

குழந்தைக்கு என் முத்தம்.

உன் அம்மா

ஏப்ரல் 18

அம்மா,

உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். எடுத்துப் படிக்கப் பயமாக இருக்கிறது.

அத்தை, மாமா பெயரைக் கொடுத்துவிட்டேன். உனக்கு எழுதுவதற்கு முந்தின நாளே கொடுத்தாகிவிட்டது. நீ "எனக்கு எதுக்குடி" என்றுதான் சொல்வாய் என்று உறுதியாக நம்பினேன். அந்த வரி உன் கையெழுத்தில் வந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்றுதான், கேட்கிற மாதிரி கேட்டேன். இதைவிடக் கேவலமாக ஒரு மகள் நடக்க முடியாது.

உன் பதில் வந்த அன்றைக்கே அதிகாரியிடம் போய் மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சினேன். முடியாது என்று கையை விரித்துவிட்டார். வீட்டில் அத்தை என்னைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறார். அவர் என் தட்டில் பரிமாறும்போதெல்லாம் எனக்கு அழுகை முட்டுகிறது.

ஆபரேஷனுக்கு எப்படியாவது வழி பண்ணுகிறேன். எப்படி என்று இன்னும் தெரியவில்லை. திட்டி எழுது அம்மா. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

சின்னி

ஏப்ரல் 27

சின்னிக்கு,

சம்பந்தியைப் போட்டதில் தப்பில்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். கேட்காமலே போட்டிருந்தால் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு மறந்திருப்பேன். கேட்டாயே, அதுதான் தாங்கவில்லை. வேணும் என்று என் வாயால் சொல்ல வைத்துவிட்டாய். இப்போது இந்த ஆசையை நான் எங்கே கொண்டுபோய்ப் போடுவேன்?

டாக்டரிடம் நானே போய் ஆபரேஷன் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். உன் அப்பாவிடம் சொல்லவில்லை. தெருவில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் உன் பெருமையைப் பாடிக்கொண்டிருக்கிறார். நீ வராமல் இருந்தபோதும், போன் செய்ய மறந்தபோதும், "அவளுக்கு அங்க என்ன கஷ்டமோ" என்று உனக்காக அவரிடம் பேசினது நான்தான். இந்தத் தடவை எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. தனியாக வா. வந்ததும் ஆரம்பித்துவிடாதே, அவர் பசி தாங்கமாட்டார். சமைத்து வைக்கிறேன். சாப்பிட்டு முடித்ததும் நீயே அவரிடம் சொல். நான் குறுக்கே பேசமாட்டேன்.

அம்மா