முழுக்கைச் சட்டை

ஆகஸ்ட் 2, சனி

பாஸ்டர் ஐயாவின் வெள்ளைக் கோட்டையும் கால்சட்டையையும் காலையிலேயே தேய்த்து முடித்துவிட்டேன். அவர் துணியை மட்டும் மற்றவர்கள் துணியோடு சேர்த்து வைப்பதில்லை. போன வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது பாஸ்டரம்மா தானே தேய்த்துப் பார்த்தார். அந்த வாரம் ஐயா முதுகில் இஸ்திரிப் பெட்டியின் மஞ்சள் முத்திரையோடு பிரசங்கம் செய்தார். பரலோகத்து முத்திரை என்று நினைத்த ஜனங்களும் உண்டு.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் இந்த இஸ்திரிக் கடையை வைத்துத் தனி ஆளாக ஒரு மகளை வளர்த்தேன். சபையில் முதல் வரிசையில் எனக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது. வேறு யாரும் அதில் உட்காரமாட்டார்கள். தெரியாமல் உட்கார்ந்தாலும் நான் வந்து நின்றால் எழுந்துவிடுவார்கள்.

மகளின் பேக்கரிச் சட்டைகளும் தேய்க்க வந்தன. எல்லாம் முழுக்கை. அங்கே மற்றப் பெண்கள் அரைக்கைதானே போடுகிறார்கள், இந்த வெயிலில் உனக்கு மட்டும் என்ன என்று கேட்டேன். "அடுப்புச் சூடு கையில படுதும்மா" என்றாள். சரிதான். ஜாக்கிரதைக்காரி. யார் மகள்?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இந்த மாதம் முழுக்க வானத்தில் நடந்த போர்தான் பிரசங்கம். தலைமைத் தூதனும் அவன் சேனையும் ஒரு பக்கம், சாத்தான் என்கிற பழைய பாம்பும் அதன் கூட்டமும் எதிர்ப் பக்கம். பாம்பு தோற்றது. பூமிக்குத் தள்ளிவிட்டார்கள்.

"தள்ளினாங்க, சரி. விழுந்தவன் இப்ப எங்க இருக்கான்?" என்று பாஸ்டர் கேட்டார். "பக்கத்துல உக்காந்திருக்கறவங்களை நல்லாப் பாருங்க" என்றார். சபையே சிரித்தது. என் பக்கத்தில் குடைக்காரம்மா. மழையும் வெயிலும் இல்லாத நாளிலும் குடையோடு வருகிறவள். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

மைக் இரைந்தால் சாத்தான். கூரை ஒழுகினால் சாத்தான். குடைக்காரம்மாவின் முழங்கால் வலியும் சாத்தான்தான். எல்லாவற்றுக்கும் ஆமென் சொன்னேன். என் ஆமென் பின்வரிசை வரைக்கும் கேட்கும்.

ஆகஸ்ட் 6, புதன்

மகள் வந்துவிட்டாள். ஒரு பை, பேத்தி, வேறொன்றும் இல்லை. "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்" என்றாள். பாத்திரம் கழுவும்போது மறந்துபோய்க் கையை மேலே சுருட்டினாள்.

பார்த்துவிட்டேன்.

பழைய அடி மஞ்சளாக, புது அடி நீலமாக, நடுவில் ஆறிய தழும்புகள், ஒன்றின் மேல் ஒன்று. அடுப்புச் சூடாம் அடுப்புச் சூடு. "அந்த டிரைவர் பயலா?" என்று கத்திவிட்டேன். மாப்பிள்ளை கம்பெனி வேன் ஓட்டுகிறவர். மரியாதை எல்லாம் அந்த நேரத்தில் எங்கே வரும்?

"அவர் இல்லம்மா. அது அவருக்குள்ள வர்ற சாத்தான். அவர் பாவம், அப்புறம் அழுவாரு."

அப்படியே என் பேச்சு. அவள் பிறந்ததிலிருந்து நான் சொல்லிக் கொடுத்த பேச்சு.

உடனே பாஸ்டருக்குப் போன் செய்தேன். வேறு யாருக்குச் செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் வந்தார்கள். வீட்டு வாசல் நிலையில் எண்ணெய் பூசினார்கள். மகளை முழங்காலில் நிற்கச் சொன்னார்கள். "நம்ம சண்டை மனுஷனோட இல்ல சிஸ்டர், அவனைப் பிடிச்சு வச்சிருக்கறவனோட. உங்க மருமகனை வெறுக்காதீங்க. வெறுப்பும் அவன் போடற தூண்டில்தான்" என்றார் ஐயா. ஆமென் என்றேன். மகளின் கையை அவர்கள் பார்க்கவில்லை. காட்டு என்று கேட்கவும் இல்லை. தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மாப்பிள்ளை சபைக்கு வந்தார். பாஸ்டர் தலையில் கை வைத்து அதட்டினார், "வெளியே போ!" என்று. மாப்பிள்ளை பொத்தென்று விழுந்தார். அழுதார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அழுதார்கள். பத்து நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். "விட்டுப் போயிடுச்சு" என்றார் பாஸ்டர்.

இருபத்து நாலாம் தேதி மாப்பிள்ளையை மேடையில் ஏற்றி, சாத்தான் விட்டுப் போனதைச் சாட்சி சொல்ல வைக்கப் போகிறார்களாம். மகளையும் மேடையில் உட்கார வைப்பார்களாம். சாட்சி முடிந்ததும் அப்படியே குடும்பமாக வீட்டுக்கு அனுப்பி வைப்பார்களாம். மகள் தலையாட்டினாள். சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஏன் ஆமென் சொல்ல மறந்துவிட்டேன்?

ஆகஸ்ட் 13, புதன்

பேத்தி ஷூவைக் கழற்றாமல் தூங்குகிறாள். ஏண்டி வாயாடி என்று கேட்டேன். "எழுந்து ஓடணும்னா தேடக்கூடாதுல்ல பாட்டி."

ஆகஸ்ட் 16, சனி

மகளின் சட்டைகளைத் தேய்த்தேன். கையை விரித்து, மடிப்பு எடுத்து, மணிக்கட்டுப் பட்டியைத் திருப்பி. எத்தனை வருஷமாகக் கை தேய்க்கிறேன். இன்றைக்குத்தான் ஒன்று தோன்றியது. தோன்றியதும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் முகத்தில் ஒரு கீறல் இல்லை. கழுத்தில் இல்லை. மணிக்கட்டில் இல்லை. சட்டை எங்கே மூடுகிறதோ அங்கே மட்டும்.

கம்பெனியில் மேனேஜர் தன்னைத் தினமும் திட்டுவதாக மாப்பிள்ளையே சொல்லுவார். நாயைவிடக் கேவலமாகப் பேசுவானாம். அங்கே ஒருநாளும் சாத்தான் வரவில்லை. வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, கதவைத் தாழ் போட்ட பிறகுதான் வருகிறான். நேரம் காலம் தெரிந்த சாத்தான்.

பாஸ்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். "சந்தேகமும் அவனோட ஆயுதம்தான் சிஸ்டர். நல்லா ஜெபம் பண்ணுங்க" என்றார். எதைச் சொன்னாலும் அவனுடைய ஆயுதம். அப்படியானால் நமக்கென்று கையில் என்னதான் வைத்திருக்கிறோம்?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மகளிடம் போகாதே என்றேன். "நீதானேம்மா சொல்லுவ, மனுஷனை வெறுக்கக் கூடாது, சாத்தானைத்தான் வெறுக்கணும்னு. இப்ப மாத்திப் பேசற."

ஆகஸ்ட் 23, சனி

பாஸ்டர் துணியோடு புது வெள்ளைச் சட்டை ஒன்றும் வந்தது. விரித்ததுமே தெரிந்துவிட்டது. ஐயாவுக்கு இது வயிற்றில் பொத்தான் சேராது. வலது தோளில் தையல் பிரித்து இறக்கியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு வலது தோள் கொஞ்சம் சரிவு. நாளைய சாட்சிக்குச் சட்டை. தேய்ப்பதற்கு நான். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான்.

எரித்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பெட்டியை வைத்து ஐந்து எண்ணினால் போதும். ஆனால் என் கையால் ஒரு துணி கெட்டது என்று யாரும் சொல்லக்கூடாது. கத்தி மாதிரி மடிப்பு எடுத்துக் கொடுத்தேன்.

மகள் பையைக் கட்டிவிட்டாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எல்லாவற்றையும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

மேடையில் மூன்று நாற்காலி. பாஸ்டர், மாப்பிள்ளை, மகள். அவள் முழுக்கைச் சட்டையில். மாப்பிள்ளை மைக்கைப் பிடித்து, "அடிச்சது நான் இல்லீங்க, எனக்குள்ள இருந்தவன். இப்ப அவன் இல்ல" என்றார். ஒரே கைதட்டல். குடைக்காரம்மா குடையைத் தரையில் தட்டினாள். "குடும்பத்துல யாராவது ஒரு வார்த்தை சொல்லலாம்" என்று பாஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். என் ஆமெனுக்காக.

எழுந்தேன். மைக்கை நீட்டினார்கள், வாங்கவில்லை. என் குரலுக்கு மைக் எதற்கு?

"பாஸ்டர் ஐயா, ஒரு சந்தேகம். இவருக்குள்ள சாத்தான் குடியிருந்தப்ப இவர் எங்க போயிருந்தார்? வீட்டை வாடகைக்கு விட்டுட்டு வெளியூர் போயிட்டாரா?"

சிலர் சிரித்தார்கள். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்தார்கள் போல.

"இவர் மேனேஜர் தினமும் இவரைக் கிழிகிழின்னு கிழிக்கிறாரு. அங்க ஒருநாளும் இவர் கை ஓங்கலையே. அங்க சாத்தானுக்கு லீவா?"

"சிஸ்டர், உக்காருங்க."

"உக்காருவேன். நான் துணி தேய்க்கிறவ. எந்தக் கை எங்க முடியும்னு எனக்குத் தெரியும். என் மகளுக்கு அடி எல்லாம் சட்டை மறைக்கிற இடத்துல மட்டும்தான். சாத்தானா இருந்தா மூஞ்சியிலயே குத்தியிருப்பான். அவனுக்கு என்ன, நாலு பேர் கேட்பாங்கன்னு வெட்கமா? மறைவாப் பார்த்துப் பார்த்து அடிச்சவன் மனுஷன். இதோ, நான் தேய்ச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான்."

மைக் இருந்திருந்தால் அணைத்திருப்பார்கள். "பாட்டு! பாட்டு!" என்று பாஸ்டர் கத்தினார். டிரம்ஸ் ஆரம்பித்துவிட்டது. ஆனால் ஜனங்கள் மேடையைத்தான் பார்த்தார்கள். மாப்பிள்ளையை இல்லை. என் மகளின் கையை. அவள் மணிக்கட்டுப் பட்டியை விரல் வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டாள். ஐயோ, அது எனக்குத் தோன்றவே இல்லையே. அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று—

வெளியே கேட் அருகில் மாப்பிள்ளை வந்தார். முகத்தில் நல்ல சிரிப்பு. "வா, போகலாம்" என்று முழங்கைக்கு மேலே பிடித்தார். அதே இடம். அழுத்திப் பிடித்தார், சிரித்துக்கொண்டேதான். மகள் முகம் வெளுத்தது. பாஸ்டர் பக்கத்திலேயே நின்றார். எல்லாம் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார், மழை வருமா என்று பார்க்கிறவர் மாதிரி.

"விடுங்க" என்றாள். முதலில் மெதுவாக. பிறகு தெருவுக்கே கேட்கும்படி, "விடுங்கன்னு சொல்றேன்ல!"

அந்தக் குரல் என் குரல். தெரு திரும்பிப் பார்த்ததும் மாப்பிள்ளை கையை விட்டார்.

வீட்டுக்கு வரும்வரை எனக்கு முன்னால் நடந்தாள். கதவைச் சாத்தியதும், "எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கிட்ட" என்றாள். பிறகு பேசவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

எனக்குள் சாத்தான் புகுந்துவிட்டானாம். நேற்று உபவாச ஜெபத்தில் என் பெயரைச் சொல்லி அதட்டினார்களாம். இருக்கட்டும். மாப்பிள்ளையிடமிருந்து போனவன் வேறு எங்கே போவான்? அடுத்த வீடு மாமியார் வீடுதானே.

ஆகஸ்ட் 30, சனி

பாஸ்டர் துணி வரவில்லை. சபைக்காரர்கள் துணி எதுவுமே வரவில்லை. மேசை வெறுமனே கிடந்தது. மகள் இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் போகவும் இல்லை.

செப்டம்பர் 6, சனி

குடைக்காரம்மா வந்தாள். குடையை மடிக்காமலே வாசலில் நின்றாள், என்னுடைய சாத்தான் அவள் மேல் சொட்டிவிடும் என்ற மாதிரி. "ஒரு மன்னிப்புக் கேட்டுட்டா முடிஞ்சுது அக்கா. ஐயா பெரிய மனசுக்காரர்."

"என் நாற்காலி?" என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"சும்மாக் கிடக்கக் கூடாதுன்னு... உங்க மாப்பிள்ளையை உக்கார வச்சிருக்காங்க."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று கேட்டிருக்கிறேன். நாற்காலியும் ஓரிடம் போகும் என்று யாரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. இத்தனை வருஷத்தில் காய்ச்சலைத் தவிர வேறு எதற்கும் நின்றதில்லை. வீட்டிலேயே வேதத்தைத் திறந்து அந்தப் போர் நடக்கும் அதிகாரத்தைப் படித்தேன். சாத்தான் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறான். வானத்திலிருந்து விழுந்தது நிஜம். ஆனால் விழுந்தவனுக்குக் கை கிடையாது. வீடு வீடாக வந்து கை இரவல் கேட்கிறான். கொடுத்தவர்களை விட்டுவிட்டு, கேட்டவனை மட்டும் திட்டிக்கொண்டிருக்கிறோம். அவனுக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்?

இதைப் பாஸ்டரிடம் சொல்லலாம். எந்த வாயால் கேட்பார்? சீ, எந்தக் காதால்.

ஜெபம் பண்ணினேன். ஆமென் என்றபோது அறையில் எனக்கு மட்டும் கேட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

வாயாடி இன்னும் ஷூவோடுதான் தூங்குகிறாள்.

செப்டம்பர் 20, சனி

காலையில் கடைக் கத்தரிக்கோலைக் காணவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் மகள் கட்டிலில் உட்கார்ந்து சட்டைகளின் கையை வெட்டிக்கொண்டிருந்தாள். ஒன்று நேராக, ஒன்று கோணலாக. துணி வெட்ட இவளுக்கு எப்போது வந்தது? "கொடுடி இங்க" என்று வாங்கினேன். நேராக்கி, ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

"கையில தழும்பு தெரியுமே" என்றேன்.

"தெரியட்டும்மா. கேட்கறவங்களுக்கு யாருன்னு சொல்றேன்."

இத்தனை நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

கீழே விழுந்த கைகளை எடுத்து மேசை துடைக்க வைத்துக்கொண்டேன். சட்டைகளைத் தேய்த்தேன். அரைக்கைக்கு வேலை குறைவு. சீக்கிரமே முடிந்துவிட்டது.