உங்கள் தம்பி கேட்ட கேள்வி

என்னங்க,

வீடெல்லாம் மடவை மீன் குழம்பு வாசனை. எனக்கு அந்த மீன் பிடிக்காது என்று தெரிந்தும் உங்கள் தம்பி இன்றைக்கும் கேளம்பாக்கத்தில் அதையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அண்ணனுக்குப் பிடிக்குமாம். சாப்பிட நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.

அத்தையை அடக்கம் செய்தபோது நீங்கள் ரயிலில் வந்துகொண்டிருந்தீர்கள். சாயங்காலம்வரை பொறுத்திருந்தால் பெற்றவள் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் தம்பிதான் பொறுக்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டு ஜெபத்தில், பரமண்டல ஜெபத்தின் ‘நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்களையும் மன்னியும்’ என்கிற வரி வந்தாலே உங்கள் குரல் நின்றுவிடும். கடவுளிடம் பொய் சொல்ல மாட்டீர்கள். நானும் உங்களோடு சேர்ந்து வாயை மூடிக்கொள்வேன். புருஷன் பக்கம் நிற்காமல் வேறு யார் பக்கம் நிற்பது?

கடைசியில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி. கதவோரம் வந்து நின்றவனைப் பார்த்தீர்கள். "நாஸ்தா துன்னியாடா?" என்றீர்கள். அவ்வளவுதான். அவன் உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் போனதும், "இத்தினி வருசத்துக்கு இவ்ளோதானா?" என்று கேட்டேன்.

"இன்னா பண்ண சொல்றே? நானும் ஆண்டவர்கிட்ட மன்னிப்பு கேட்டுகினுதான் கீறேன். அவனுக்குக் குடுக்காம நான் மட்டும் எப்டி வாங்கிக்கிறது?"

நீங்கள் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். உங்களுக்காக நான் வளர்த்த கோபம் என்னிடமே தங்கிவிட்டது. சமையலறையில் நின்று எத்தனையோ முறை உங்களோடு சண்டை போட்டிருக்கிறேன். பதிலுக்குக் கத்த ஆள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

இன்று சோற்றில் வைத்த கையை எடுக்காமலே அவன் கேட்டான். "அண்ணி, அண்ணன் நெஜமாவே என்னை மன்னிச்சிட்டாரா? இல்ல, சாவப் போறோம்னு சும்மா பேசினாரா?"

அதற்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சொல்லாமல் விட்டால் காலம் முழுக்க வெந்துகொண்டிருப்பான். விட்டுவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"மன்னிச்சிட்டாரு. என்கிட்டயே சொன்னாரு," என்றேன். "எனுக்குத்தான் இன்னும் மனசு வரல. வரும். நீ வந்து போய்கினு இரு."

குனிந்தபடி தேம்பினான். சோறு ஆறுகிறது என்று அதட்டி, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். நீங்கள் இருந்திருந்தால் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்திருப்பீர்கள். அதைப் பார்க்காமலேயே மீதியையும் நான் மன்னிக்க வேண்டியிருக்கிறது.