அண்ணை நிரப்பிய விண்ணப்பம்

என்றைக்கும் என் நெஞ்சை விட்டுப் போகாத அண்ணைக்கு,

உங்கடை பரமேஸ் எழுதுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. அன்றைக்கு வருகிறவர்கள் கையில் உங்கள் நினைவாகக் கொடுக்கத் தாலியிழந்த மச்சாள் கல்வெட்டுப் புத்தகம் தயாரிக்கிறார். உங்கள் படம், எங்கள் வம்ச வரலாறு, தேவாரம், கடைசியில் கூடப்பிறந்தவளின் அஞ்சலி இரண்டு பக்கம். அந்த இரண்டு பக்கம்தான் என் பங்கு.

நாலு நாளாகக் குசினி மேசையில் தாளோடு இருக்கிறேன். "தந்தைக்கு நிகரான தமையனே" என்று ஒரு வரி எழுதினேன். பிறகு பேனையை மூடி வைத்துவிட்டேன். எனக்குப் பொய் எழுத வராது அண்ணை. உங்களுக்கு அது எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று இப்போதுதான் தெரியும்.

கல்வெட்டில் போட உங்கள் பிறந்த திகதி வேண்டும் என்று மச்சாள் கேட்டதால்தான் உங்கள் மேசை லாச்சியைத் திறந்தேன். நீங்கள் எதையும் எறியாத மனுஷன். எழுதுகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் அடியில் காபன் தாள் வைத்து ஒரு பிரதி எடுப்பீர்கள். வீட்டுத் தாள்களுக்கு ஒரு கோவை, கார்த் தாள்களுக்கு ஒரு கோவை. எல்லாவற்றுக்கும் அடியில் பச்சை நிறத்தில் இன்னொன்று இருந்தது. அதன் மேல் உங்கள் முத்தான எழுத்தில் "பரமேஸ்வரி குடும்பம் - குடிவரவு" என்று எழுதியிருந்தீர்கள். என் பெயரைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. என் அண்ணை எவ்வளவு அக்கறையாக வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். மடைச்சி நான்.

ஞாபகம் இருக்கிறதா? எழுபத்துநாலாம் ஆண்டு நீங்கள் மெல்பேர்ணிலிருந்து எழுதினீர்கள். சட்டம் மாறிவிட்டது, இனி எங்கள் ஆட்களையும் எடுக்கிறார்கள், தேவையான தொழில் தெரிந்த குடும்பமென்றால் நிரந்தரமாகவே இருக்க விடுவார்கள் என்று. நீங்கள் அங்கே பெரிய எஞ்சினியர். அவர்களுடைய இங்கிலீசும் அவர்களுடைய வழக்கமும் தெரிந்தவர். விண்ணப்பப் படிவத்தை வெறுமையாக அனுப்பி, "கீழை கையெழுத்தை மட்டும் வைச்சு அனுப்புங்கோ, மிச்சத்தை நான் நிரப்புறன்" என்று எழுதியிருந்தீர்கள்.

இவரும் நானும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கையெழுத்தை வைத்து, சாமிப் படத்தடியில் ஒரு இரவு வைத்துக் கும்பிட்டு, அடுத்த நாள் தபாலில் போட்டோம். எங்கள் வீட்டில் அண்ணன் அனுப்பிய தாளை யார் வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைத்தது? அப்பா இறந்தபோது காணி உறுதிப் பத்திரத்திலும் நீங்கள் காட்டின இடத்தில்தான் கையெழுத்து வைத்தேன். அப்படித்தானே வளர்ந்தோம்.

அப்போது எங்கள் மகன் ரஞ்சனுக்குப் பதினேழு வயது. அவுஸ்திரேலியா வரைபடத்தைக் கடதாசியில் கீறிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தான். ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தோம். பிறகு உங்கள் கடிதம் வந்தது. மறுத்துவிட்டார்கள், சட்டம் மாறியது வாயளவில்தான், கறுப்பரை எடுக்க அவர்களுக்கு மனமில்லை, இனியும் கேட்டு மானம் கெட வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன். ஒரு நாட்டையே வாயில் வந்தபடி திட்டினேன் அண்ணை. திட்ட வேண்டிய ஆளின் பெயர் அந்தக் கடிதத்தின் அடியிலேயே இருந்திருக்கிறது.

பிறகு ஊரில் பிரசவ வார்ட்டில் என்னோடு வேலை செய்த பறங்கி நேர்ஸ் ஒருத்தி இங்கே மெல்பேர்ணுக்கு வந்து சேர்ந்தாள். பிரசவ வார்ட்டுத் தாதிகளுக்கு இங்கே பெரிய தட்டுப்பாடு, நீ ஏன் உன்னுடைய பெயரிலேயே போடவில்லை என்று எழுதினாள். இந்த முறை என் கையாலேயே நிரப்பினேன். விண்ணப்பதாரி நான், தொழில் தாதி, இவர் என் துணை. எட்டு மாதத்தில் சம்மதம் வந்தது. ஆனால் அதற்குள் ரஞ்சனுக்கு இருபத்தொரு வயது கடந்துவிட்டது. இனி அவன் எங்கள் குடும்பக் கணக்கில் இல்லை என்றார்கள். பெற்ற பிள்ளை குடும்பத்தில் இல்லையாம். மகளையும் இவரையும் கூட்டிக்கொண்டு, அவனைக் கொழும்பில் விட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

அதற்கு முன் கொழும்பில் நேர்முகத்துக்குப் போனபோது அங்கே இருந்த அதிகாரி பழைய தாளைப் பார்த்து, "முதல் விண்ணப்பத்தில் உங்களுக்குத் தொழில் இல்லை என்று இருக்கிறதே?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கு எழுதிக் கேட்டேன். அவர்கள் பிழையாகப் பதிந்திருப்பார்கள் என்று பதில் போட்டீர்கள். அதையும் நம்பினேன்.

இப்போது அந்தப் பச்சைக் கோவையைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறேன். முதல் தாள் விண்ணப்பத்தின் பிரதி. கணவர், தமிழாசிரியர். மனைவி, தொழில் இல்லை, வீட்டு வேலை. அவுஸ்திரேலியாவில் தமிழ் படிப்பிக்க ஆள் இல்லாமல் அலைகிறார்கள் என்று நினைத்தீர்களா அண்ணை? ரஞ்சனை வயிற்றில் வைத்துக்கொண்டு இரவு வேலைக்குப் போனவள் நான். என் கையில் எத்தனை பிள்ளைகள் பிறந்தன என்று எனக்கே தெரியாது. நீங்கள் என்னை வீட்டு வேலை என்று எழுதியிருக்கிறீர்கள்.

சரி, தெரியாமல் எழுதினீர்கள் என்று மனதைத் தேற்றியிருப்பேன். இரண்டாவது தாள் அதற்கும் விடவில்லை. அது அவர்கள் உங்களுக்கு எழுதிய கடிதம். கணவரின் தொழிலுக்கு இங்கே தேவையில்லை, ஆனால் மனைவிக்கு ஏதாவது பயிற்சி இருந்தால் சான்றிதழ்களை அனுப்பவும் என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள் அண்ணை. மூன்றாவது தாள் உங்கள் பதிலின் காபன் பிரதி. "என் தங்கை ஒருபோதும் வேலைக்குப் போனவர் அல்லர். எங்கள் குடும்பத்தில் பெண்கள் வேலைக்குப் போகும் வழக்கம் இல்லை." உங்கள் எழுத்துத்தானா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

மச்சாளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அழவில்லை, கதிரையில் இருந்தபடி தலை குனிந்தார். இங்கே உங்கள் நண்பர்கள் எல்லாரும் டொக்டரும் எஞ்சினியருமாம். தங்கச்சி நேர்ஸ், அவளுடைய சம்பளத்தில் புருஷன் வந்து நிற்கிறான் என்று கதை வந்தால் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது என்று சொன்னீர்களாம். எனக்குப் பழைய நாள் ஞாபகம் வந்தது. நான் தாதிப் பயிற்சிக்குப் போனபோது, கண்டவனுடைய மலசலம் அள்ளுகிற வேலை என்று சொல்லி ஆறு மாதம் என்னோடு பேசாமல் இருந்தீர்கள். அந்தக் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்திருந்தேன். இங்கே வந்த பிறகும் வீட்டுப் பூசைகளில் என்னை "ஆசுப்பத்திரி நிர்வாகத்தில் இருக்கிறா" என்றுதானே எல்லாருக்கும் சொன்னீர்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சிரிப்பைத்தான் எனக்கு இப்போது பொறுக்க முடியவில்லை.

கடைசி ஏழு கிழமை, கிட்டத்தட்ட ஐம்பது நாள், நீங்கள் நோயில் கிடையாக விழுந்தபோது யார் வந்தது? டன்டினொங் ஆசுப்பத்திரியில் வேலை முடித்து, பஸ் பிடித்து, உங்கள் வீட்டுக்கு வந்து, உங்களைப் புரட்டி, துடைத்து, எல்லாம் அள்ளியது இந்தக் கைதான். நான் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. ஆயிரம் தரம் செய்வேன். ஆனால் ஏழு கிழமை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தீர்களே, ஒரு நாளாவது வாய் திறந்தீர்களா? ஒரே ஒரு தரம் கேட்டீர்கள்.

"ரஞ்சன் காயிதம் போட்டவனோ?"

"ஓம் அண்ணை, சுகமாய் இருக்கிறானாம்."

நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டீர்கள். முதுகு நோகிறதாக்கும் என்று தலையணையைச் சரிப்படுத்தி வைத்தேன்.

அவன் சுகமாக இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்து, கடை ஒன்றில் கணக்கெழுதுகிறான். முதலில் நாலு பக்கம் எழுதுவான். இப்போது விமானத் தபால் ஏரோகிராமில் பாதிதான். போன தடவை, "அம்மா, இனி என்னைக் கூப்பிடுறதைப் பற்றி எழுதாதேங்கோ, வாசிக்கக் கஷ்டமாய் இருக்கு" என்று போட்டிருந்தான். அவன் தனியாக விண்ணப்பித்தால் எடுக்க மாட்டார்கள். அவர்கள் கேட்கிற தொழில் அவனிடம் இல்லை. பதினேழு வயதில் வந்திருந்தால் இங்கே படித்து ஒரு தொழிலோடு நின்றிருப்பான்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு நகரத்துக்குப் போய்க் குடிவரவுக் கந்தோரில் கேட்டேன். கோவையைக் கொடுக்கவில்லை, விஷயத்தை மட்டும் சொன்னேன். அங்கே மேசையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். முதல் விண்ணப்பம் எனக்குத் தெரியாமல் பொய்யாக நிரப்பப்பட்டது என்பதற்குச் சான்று இருந்தால், அந்த நாள் வயதைக் கொண்டு மகனுடைய விஷயத்தைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் உறுதி தர முடியாது என்றாள். பிறகு பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கையெழுத்து உங்களுடையதுதானே? வெறும் படிவத்தில் ஏன் கையெழுத்து வைத்தீர்கள்?"

"அவர் என் அண்ணன்" என்றேன்.

அவள் இன்னும் ஏதோ சொல்வேன் என்று காத்திருந்தாள். அவளுக்கு அது எப்படி விளங்கும்? "நன்றாக யோசித்துக்கொண்டு வாருங்கள், உங்கள் கையெழுத்து இருப்பதால் உங்களையும் கேள்வி கேட்பார்கள்" என்று சொல்லி அனுப்பினாள். திரும்பி வரும்போது ரயிலில் எங்கள் ஸ்பிரிங்வேலில் இறங்க மறந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளிப் போய்விட்டேன்.

மச்சாளுக்குச் சொன்னபோதுதான் அவர் அழுதார். "செத்த மனுசனைக் கள்ளன் எண்டு வெள்ளைக்காரன்ரை கந்தோரிலை எழுதிக் குடுக்கப் போறியளோ மச்சாள்? அவருக்கு மிஞ்சி இருக்கிறது அந்தப் பேர் ஒண்டுதானே" என்று என் கையைப் பிடித்தார். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். உங்களுக்குத்தான் தெரியுமே, இவர் வாய் திறப்பது பெரிய பாடு. தமிழ் படிப்பித்த மனுஷன் இன்றைக்குத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறார், அதற்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கு மட்டும், "அவருக்குப் பேர் மிஞ்சினது. எங்கடை பிள்ளைக்கு என்ன மிஞ்சினது?" என்றார்.

உங்களை வெறுக்கப் பார்க்கிறேன் அண்ணை, முடியவில்லை. நாங்கள் துல்லாமரீன் விமான நிலையத்தில் வந்திறங்கிய அன்று, குளிரில் நடுங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, நீங்கள் உங்கள் மண்ணிறக் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டீர்கள். நீங்கள் சட்டையோடு நின்றீர்கள். அந்த அன்பு பொய்யில்லை, எனக்குத் தெரியும். அப்போது என் பின்னால் ரஞ்சன் வருகிறானா என்று எட்டிப் பார்த்தீர்களா? அவன் வரமாட்டான் என்பதும், அது யாரால் என்பதும் அந்த நேரம் உங்கள் மனதில் ஓடியதா? எனக்கு நேர்ஸ் வேலை வெட்கமாக இருந்ததில்லை. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?

கல்வெட்டுக்கு இரண்டே வரி எழுதிக் கொடுத்துவிட்டேன். என் அண்ணை என்னைத் தூக்கி வளர்த்தவர், கடைசியில் நான் அவரைத் தூக்கிப் பராமரித்தேன் என்று. இரண்டும் உண்மை. என் பெயருக்குக் கீழே "தாதி" என்று போடச் சொன்னேன். மச்சாள் அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை உங்கள் நண்பர்கள் எல்லாரும் அதை வாசிப்பார்கள்.

அன்றைக்கு உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு என் கையால்தான். படையல் வைத்து, விழுந்து கும்பிட்டு, அழவேண்டியதை அழுது முடிப்பேன். திங்கட்கிழமை காலை அந்தப் பச்சைக் கோவையைக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் மேசையில் வைப்பேன். வெறும் தாளில் கையெழுத்து வைத்தது என் பிழை என்றும் எழுதிக் கொடுப்பேன். பிடிப்பார்களானால் என்னையும் பிடிக்கட்டும்.

நீங்கள் போட்டுவிட்ட கோட்டு என் அலுமாரியில் இருக்கிறது. ரஞ்சன் வந்திறங்குகிற நாளில் அதோடு போய் வாசலில் நிற்பேன். அவன் தோளில் போட்டுவிட்டு, இது உன் மாமாவின் கோட்டு என்று சொல்வேன். நீ ஏன் இவ்வளவு பிந்தி வந்தாய் என்பதையும் அவனிடம் மறைக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற சத்தியம் அண்ணை. இதை நானே எழுதி, முழுக்க வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்து வைக்கிறேன்.

உங்கள் ஒரே தங்கச்சி,
தாதி பரமேஸ்வரி