அட்டைக் கோயிலில் விட்ட செருப்பு

ஞாயிறு, ராத்திரி.

இன்றைக்குப் பகலில் பேரப்பிள்ளைகளோடு, படம் எடுக்கிற சினிமா பார்க்குக்குப் போனோம். மருமகளோட அம்மாவும் வந்தாள். மகன் கல்யாணத்தில் என் பாயாசத்தைத் தண்ணி என்றவள். அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லை.

அங்கே ஒரு கோயிலைப் பார்த்ததும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அவள் செருப்போடே பின்னால் வந்தாள். சாமி பயமே இல்லை என்று நினைத்தேன். உள்ளே சாமியே இல்லை, எல்லாம் படத்துக்குப் போட்ட அட்டை. வெளியே வந்தால் வேற தெரு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே அட்டை அரண்மனைதான் வருது. செருப்பு விட்ட வாசல் கிடைக்கவே இல்லை. சிமெண்டுத் தரை கொதித்தது.

அவள் தன் செருப்பைக் கழற்றி என் முன்னே போட்டாள்.

"போட்டுக்குங்க சம்மந்தி. நான் எஸ்டேட்டில வெறுங்காலோட நடந்தவதான்லா."

கார் வரைக்கும் குதித்துக் குதித்தே வந்தாள்.

அந்தச் செருப்பு இப்போ என் வாசலில் கிடக்கு. பாயாசத்தை நான் மறக்கவில்லை. நாளைக்கு அலோர் காஜாவில் அவள் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கணும். வெறுங்கையோடு போக முடியாது. பாயாசம்தான் காய்ச்சணும், நல்லா கெட்டியா. வீட்டில் ஜவ்வரிசி இருக்கோ என்னவோ.