ஆறு விழுந்தால் ஆபரேஷன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அவருக்கு இருமல் விட்டதா? உன் அப்பாவுக்குத்தான் சுகமில்லை. போனில் சொல்லலாமென்றால் மனுஷன் பக்கத்தை விட்டு நகர்வதில்லை, அதனால் எழுதுகிறேன்.

சர்க்கரையில் அவருக்கு இடது கால் விரல்கள் கறுத்துவிட்டன, உன்னிடம் மறைத்துவிட்டோம், திட்டாதே. கணுக்காலோடு எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை, இந்த மாதக் கடைசியைத் தாண்டினால் கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரோ வீட்டுக்கு வந்ததும் நேரே சாப்பாட்டு மேஜைக்குப் போய்விட்டார். அங்கே எங்கே சாப்பாடு? மேஜை முழுக்க அவருடைய நெப்போலியன் காலத்துச் சண்டை விளையாட்டு இன்னும் ஓய்ந்தபாடில்லை, பச்சைத் துணி, அட்டை மலை, லிஃப்ட் ரிப்பேர் பார்த்த கையால் அவரே வர்ணம் அடித்த ஈயச் சிப்பாய்கள். நான் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறேன். எதிரே ஆட ஆளில்லாததால், எந்த எண் விழுந்தால் எதிரி முன்னேறுவான், எதற்குப் பின்வாங்குவான் என்று முதலில் தாளில் எழுதிக்கொண்டு, பிறகுதான் பகடையை உருட்டுவார், உனக்குத் தெரியாததா.

நேற்று மேஜையைத் துடைக்கும்போது அந்தத் தாளின் பின்பக்கம் "கால்" என்று எழுதியிருந்தது. ஆறு விழுந்தால் ஆபரேஷன், ஒன்று முதல் ஐந்து வரை வேண்டாம். மூன்றை வட்டமிட்டிருந்தார். கேட்டால், "விழுந்தது விழுந்ததுதான், மாத்தி உருட்டினா அது ஆட்டமே இல்ல" என்று அசராமல் சொல்கிறார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, வந்த கோபத்துக்கு அந்தப் படையையே அள்ளிக் குப்பையில் கொட்டியிருப்பேன். அப்புறம் தாளைத் திருப்பிப் பார்த்தேன். அடிபட்ட குதிரைப்படை தப்பிக்க மூன்று முதல் ஆறு வரை கொடுத்திருக்கிறார். ஈயப் பொம்மை பிழைக்க நாலு எண், தான் பிழைக்க ஒரே எண். உருட்டுவதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டு, பழியைப் பகடை மேல் போட்டிருக்கிறார். உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

என் பேச்சு இந்த வீட்டில் எடுபடாது, நீ சொன்னால் கொஞ்சம் அசைவார். கிடைத்த டிக்கெட்டில் புறப்பட்டு வா. வழியில் வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். மாதக் கடைசி, மறந்துவிடாதே. வந்து அவர் முன்னால் அழாதே, கெஞ்சாதே. அந்தத் தாளில் எனக்கும் அம்மாவுக்கும் எத்தனை எண் ஒதுக்கினீர்கள் என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா