செவ்வாய்க்கிழமைக் கணக்கு

மார்ச் 9, செவ்வாய்

காலை முதல் மழை. இன்றும் மரவள்ளிக் கிழங்கு. ஜப்பான்காரர்கள் வந்து சிங்கப்பூரில் கல்லூரி மூடி ஓராண்டுக்கு மேல். என் பட்டப் படிப்பு பாதியில். இனி வீட்டிலேயே படிப்பது என்று முடிவு. வழிகாட்டப் பரமேஸ்வரி அக்கா, செவ்வாய்தோறும். அதே கல்லூரியில் எனக்கு மூத்தவர், கணிதத்தில் தேறியவர். இப்போது இங்கே பினாங்கிலேயே, ஜெலுத்தோங்கில் ஆசிரியை.

“நான் சொல்லித்தர மாட்டேன். நீ சொல்லு, நான் கேள்வி கேக்குறேன்.”

முதல் கேள்வி: நான்கால் வகுத்தால் மூன்று மிஞ்சும் பகா எண்கள், 3, 7, 11, 19 என்று போகிறவை, எங்காவது முடிந்துவிடுமா? முடியாது என்று நிறுவ வேண்டும். தாள் கிடையாது. சிலேட்டு போதும்.

மார்ச் 12, வெள்ளி

எழுதுவதும் அழிப்பதுமாக. எல்லாவற்றையும் பெருக்கி ஒன்று கூட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை.

அடுப்படியில் அப்பாவின் தாழ்ந்த குரல்: “கல்யாணம் ஆகாத பொண்ண வீட்ல வெச்சிருக்கிறது ஆபத்து. சோல்ஜர் எப்ப கதவத் தட்டுவான்னு தெரியாது.” அம்மா அழுகை. மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டதாம். அக்கரையில், புக்கிட் மெர்தாஜாம் ரயில் நிலையத்தில் கிளார்க். கடல் தாண்டிப் போய்விட்டால் படிப்பு?

அப்பா சொல்வது பொய்யில்லை. எனக்கும் பயம்தான். ஆனாலும் கணக்கை விடப்போவதில்லை.

மார்ச் 14, ஞாயிறு

நல்ல வெயில். பெண் பார்க்க வந்தார்கள். அம்மாவின் நீலச் சேலை எனக்கு. மாப்பிள்ளை பெயர் சிவராமன். ஒல்லி. வியர்வையைத் துடைத்தபடியே இருந்தார். காப்பி கொடுக்கும்போது கேட்டுவிட்டேன்.

“செவ்வாய்க்கிழமை நான் பினாங்குக்கு வரணும். கணக்குப் படிக்க. கல்யாணத்துக்குப் பிறகும்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“படிச்சு என்ன செய்யப்போறீங்க? காலேஜே இல்லையே.”

“திறக்கும்போது தயாரா இருக்கணும்.”

கொஞ்சம் யோசித்தார். “ஃபெரிக்கு பாஸ் வேணும். ஜப்பான்காரன் உடனே குடுக்க மாட்டான். கெடைக்கிற வரைக்கும் கேக்குறேன்.”

அவர்கள் போனதும் அம்மா: “வாய்க்கொழுப்பு லா உனக்கு.” சாப்பாட்டில் எனக்குப் பெரிய மீன் துண்டு.

மார்ச் 16, செவ்வாய்

பல் துலக்கும்போது பிடிபட்டது. கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும்! இவ்வளவுதான் எண்கள் என்று வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, ஒன்று குறைத்தால், நான்கால் வகுக்க மூன்று மிஞ்சும். ஒன்று மிஞ்சும் எண்களை மட்டும் பெருக்கினால் ஒன்றுதான் மிஞ்சும். ஆகவே மூன்று மிஞ்சும் பகா எண் ஒன்று உள்ளே இருந்தே தீரும். நம் எண்கள் எதுவும் இதை மீதியில்லாமல் வகுக்காது; அதனால் அது அவற்றில் ஒன்று அல்ல. புதியது!

ஜெலுத்தோங் வரை நடை. அக்கா வரிக்கு வரி “ஏன்?” எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

“சரி. ஒன்னு மிஞ்சுறது? 5, 13, 17? இதே வழி போகுமா?”

போகாது. மூன்று மிஞ்சும் எண்கள் இரண்டைப் பெருக்கினாலும் ஒன்று மிஞ்சிவிடுகிறதே.

“கல்யாணம் எப்ப?”

“சித்திரையில.”

“அதுக்குள்ள யோசி.”

ரவிக்கை அளவு எடுக்க அம்மா கூப்பிடுகிறாள். ஐந்தை எடுத்துக்கொண்டால், இரண்டின் வர்க்கத்தோடு ஒன்று. பதினேழு, நான்கின் வர்க்கத்தோடு ஒன்று. அப்படியானால் எல்லாவற்றையும் பெருக்கி, இரட்டித்து, அதன் வர்க்கத்தோடு ஒன்று கூட்டினால்? அம்மா மறுபடியும் கூப்பிடுகிறாள்.