இரண்டாவது முறை மேட்டுக்குப் போனது

ஜூன் 9
எங்கள் பேஸ்பால் அணியோடு பிலிங்ஸ் வரை ஏழு மணி நேரம் பேருந்து. ஏழு மணி நேரமும் என் வாய்தான் ஓடியது. நான் பந்து வீசியது பதினான்கு வருடம், ஒன்பது அணி. எந்த ஊரிலும் என் பந்தை அடிக்க ஆள் பிறக்கவில்லை. முழங்கைத் தசைநார் கிழிந்த கையோடு இரண்டு மாதம் வீசினேன் என்றதும் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். பந்துவீச்சாளன் லமார் மட்டும் கேட்டான்: "வலிக்கலையா கோச்?"
"வலியா? அது யாருன்னு கேப்பேன்டா!"
என்ன ஒரு பதில்!

ஜூன் 10
லமார் காபியை இடது கையால் ஊற்றிக்கொண்டான். வலதுகைக்காரன். ஏன்?

ஜூன் 11
"கை வலிக்குதா?" என்று கேட்டேன்.
"வலியா? அது யாரு கோச்?"
எல்லாரும் சிரித்தார்கள். நாளை மேல் அணியிலிருந்து அவனை எடுக்கலாமா என்று பார்க்க ஆள் வருகிறார். லமாருக்கு முப்பத்தொரு வயது. இனி யார் வருவார்கள்?
லமார் கை சரியில்லை என்று மேனேஜர் ஹாலிஸிடம் சொன்னேன். "யோவ் டெல், உன் கதைய நம்பி என் நல்ல ஆள உக்கார வைக்கணுமா?" என்றார்.

ஜூன் 12
மூன்றாவது இன்னிங்ஸ். லமாரின் வேகம் விழுந்துவிட்டது. ஒவ்வொரு வீச்சுக்கும் விரலை உதறினான். அவன் நின்று வீசும் மண்மேட்டுக்குப் போனேன்.
"லமார், நான் சொன்னது பொய்டா. ரெண்டு மாசம் இல்ல. நாலு பந்து. அஞ்சாவதுல கைக்குள்ள சத்தம் கேட்டுது. அதோட சரி."
"இப்ப எதுக்கு புதுக் கதை? போங்க கோச்."
திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஒரே இன்னிங்ஸில் கோச் இரண்டாம் முறை மேட்டுக்குப் போனால் பந்துவீச்சாளன் வெளியேறியே ஆக வேண்டும். விதி. அடுத்த பந்தை வீசியதும் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். நான் எழுந்தேன்.
"டெல், உக்காருய்யா! வேலை போயிடும்!" என்று கத்தினார் ஹாலிஸ்.
அதற்குள் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டேன். இருபதாயிரம் பேர் ஊளையிட்டார்கள். சரி, தொள்ளாயிரம்.
லமார் பந்தை என் காலடியில் போட்டான். "என் வாழ்க்கைய முடிச்சிட்டீங்க."

ஜூன் 13
மேல் அணி ஆள் காலையிலேயே கிளம்பிவிட்டார். ஹாலிஸ் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலை இருக்கிறதா, இல்லையா? யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 16
ஸ்கேன் வந்தது. தசைநாரில் சின்னக் கிழிசல். அறுவை வேண்டாம், ஆறு வாரம் ஓய்வு. டாக்டர் என் கையைக் குலுக்கிப் பாராட்டினார். (குலுக்கவில்லை.) "இன்னும் பத்து பந்து வீசியிருந்தா—" என்று அவர் ஆரம்பித்ததும் லமார் எழுந்து வெளியே போனான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 3
இன்று லமார் மறுபடி பந்தைத் தொட்டான். மெதுவாக இருபது பந்து என்று கணக்கு. நான் தள்ளியே நின்றேன். பதினைந்தாவதில் தானாக நிறுத்தி, வேலியோரம் நின்ற என்னிடம் நடந்து வந்தான்.
"வலிக்குது கோச்," என்றான். "இங்க." விரலால் தொட்டுக் காட்டினான்.
ஐஸ் எடுக்கப் போனேன்.